புல்வெட்டும் மெஷினை நான் கெடுக்கவில்லை

நான் கெடுக்கவில்லை. இதை அப்பாவிடம் மூன்று முறை சொல்லிவிட்டேன். அவர் காதில் வாங்கவே இல்லை.

எதிர்வீட்டுப் பெரியம்மாவிடம் புல்வெட்டும் மெஷினை இரவல் வாங்கியிருந்தோம். நேற்று அப்பா பாதிப் புல்லை வெட்டினார். இன்று மீதியை வெட்ட நான் சுவிட்சை அழுத்தினேன். ஒரு முனகல்கூட வரவில்லை.

"என்ன பண்ணின?"

"சுவிட்சை அழுத்தினேன்."

"அதுக்கா நின்னுபோச்சு?"

"நிக்கலப்பா. ஓடவே இல்ல."

கேட்டால்தானே. நேராக எதிர்வீட்டுக்குப் போய், "சின்னவ எதையோ நோண்டிட்டா" என்று சொல்லிவிட்டு வந்தார்.

"இனிமே அவ அதைத் தொடவே கூடாது" என்றார் பெரியம்மா. தெருவுக்கே கேட்டது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாவம் ஓரிடம், பழி ஓரிடமா?

"அம்மா, நான் அதைத் திறந்து பாக்கப்போறேன்."

"முதல்ல பிளக்கைப் பிடுங்கி என் கையில கொடு" என்றார் அம்மா.

கொடுத்தேன். மெஷினை மாட்டியிருந்த நீட்டு ஒயரில் (எக்ஸ்டென்ஷன்) மேசை மின்விசிறியை மாட்டச் சொன்னேன். விசிறி சுற்றியது. அப்படியானால் ஒயரில் குறையில்லை. மெஷினைச் சாய்த்து, ஒரு குச்சியால் பிளேடைத் தள்ளினேன். அதுவும் சுலபமாகத் திரும்பியது. புல் சிக்கவில்லை. மிச்சம் மோட்டார்தான்.

மோட்டாரின் இரு பக்கமும் சின்ன மூடிகள் இருந்தன. போன மாதம் மிக்சி பழுது பார்க்க வந்தவர் இப்படி ஒரு மூடியைத்தான் கழற்றினார். உள்ளே விரல்நுனி அளவில் ஒரு கரித்துண்டு இருக்கும். அதன் பெயர் கார்பன். பின்னால் ஒரு ஸ்பிரிங் தள்ள, அது மோட்டாரின் சுற்றும் பகுதியைத் தொட்டால்தான் கரண்ட் போகும்.

நானும் மூடியைக் கழற்றினேன். இதில் கார்பன் அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்து எடுத்தேன். விரலெல்லாம் கறுப்புப் பிசுபிசுப்பு. முகர்ந்து பார்த்தேன்.

தையல் மெஷின் எண்ணெய்!

என் அப்பா தையற்காரர். கத்தரிக்கோல், கதவுக் கீல், என் சைக்கிள் செயின் என்று எதற்கும் அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் எண்ணெய்தான்.

அம்மாவிடம் நீட்டினேன். அம்மா முகர்ந்துவிட்டு அப்பாவைப் பார்த்தார். அப்பா அவசரமாக ஊசியில் நூல் கோத்தார். அதில் ஏற்கெனவே நூல் இருந்தது.

"திருப்பிக் கொடுக்கும்போது நல்லா ஓடணுமேன்னு, நேத்து ராத்திரி ரெண்டு சொட்டு விட்டேன்."

"ரெண்டு சொட்டா? பாட்டில்ல பாதியைக் காணோம்" என்றார் அம்மா.

இரண்டு கார்பனையும் அவை இருந்த இடத்தையும் உலர்ந்த துணியால் துடைத்து, காயவைத்து, திரும்பப் பொருத்தினேன். அம்மா பிளக்கை மாட்டி சுவிட்சைப் போட்டார். மெஷின் உறுமியது.

"சரியாயிடுச்சுல்ல, விடு" என்றார் அப்பா.

"எப்படி விடுறது? நான் நோண்டினேன்னு தெரு முழுக்கத் தெரியும். யாரு எண்ணெய் ஊத்தினாங்கன்னு தெரியாதே."

அப்பா ஊசியைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து செருப்பை மாட்டினார். பாதியில் பேச்சை மாற்றிவிடுவாரோ என்று நானும் கூடவே போனேன்.

"எண்ணெய் ஊத்திக் கெடுத்தது நான்தான்" என்றார் அவர், பெரியம்மாவிடம். "விசாரிக்காம இவ மேல பழி போட்டதும் நான்தான். சரி பண்ணினது இவ."

அதைச் சத்தமாகவே சொன்னார். பக்கத்து வீட்டு ஜன்னல்கூடத் திறந்தது.

பெரியம்மாவின் முகம் சுருங்கியது. "நானும் வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காதேம்மா" என்றார். பிறகு அப்பா பக்கம் திரும்பினார். "இனிமே மெஷின் வேணும்னா இவளை அனுப்புங்க. உங்க கையில தரமாட்டேன்."

அப்பா தலையாட்டினார். நான் மீதிப் புல்லை வெட்டப் போனேன்.