சூசையின் வால்வுப் பெட்டி

காலையில் கழற்றி வைத்த வால்வு சாயங்காலம் கையைச் சுட்டது.

ஆரோக்கியசாமி விரலை உதறிக்கொண்டு அதையே பார்த்தான். பழைய செய்தித்தாளை விரித்து, கண்ணாடி வால்வுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி அதன்மேல் வரிசையாகப் படுக்க வைத்தது அவன்தான். அந்த கிதார் ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் மின்சாரம் ஏறி ஏழு வருஷம் ஆயிற்று. ஐப்பசி அடைமழையில் கடைக்குள் வெயிலும் எட்டிப் பார்க்கவில்லை. மற்றதெல்லாம் ஜில்லென்று கிடக்க, கோடியில் இருந்த பெரிய வால்வு மட்டும், யாரோ வெகுநேரம் ஓட்டிவிட்டு இப்போதுதான் கழற்றியதுபோல் கொதித்தது. அடியில் செய்தித்தாள் காலணா அளவுக்குக் கருகியிருந்தது. சால்டரிங் அயர்னைப் பக்கத்தில் வைத்திருப்போம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு திரும்பினான். அது சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

பெட்டியைக் கொண்டுவந்து இறக்கியவன் கங்காதரன். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, எங்கே கல்யாணம் என்றாலும் அவனுடைய மெல்லிசைக் குழுதான். புதுசாக வந்த டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரெல்லாம் தகரத்தைத் தட்டுகிற மாதிரி இருக்கிறதாம், குழுவின் ஆண்டு விழாவுக்கு அந்தக் காலத்து வால்வு சத்தம் வேண்டுமாம். "ஒரு சாமானும் மாத்தாத ஆரோக்கியம். பழைய மாதிரியே செஞ்சி குடு," என்று வெற்றிலையை மென்றுகொண்டே சொல்லிவிட்டுப் போனான். இந்தப் பெட்டிக்கு முன்னால் உயிரை விட்டவனின் கூடப்பிறந்த அண்ணனிடமே இதைக் கொண்டுவந்து வைக்க ஒருத்தனுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் இருக்க வேண்டும்! ஆனால் வால்வு வேலை தெரிந்தவன் இந்தப் பக்கத்தில் வேறு யாரும் இல்லை. ஆரோக்கியசாமியும் வாயை மூடிக்கொண்டு வாங்கி வைத்தான். தம்பி தொட்ட பொருள் ஒன்றாவது வீட்டுக்குள் வரட்டும் என்றுதான்.

அது தம்பி சூசைநாதனுடைய பெட்டி. ஜோலார்பேட்டையில் ரயில் ஓட்டிக்கொண்டிருந்த ஓர் ஆங்கிலோ இந்தியர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறும்போது சூசையிடம் கொடுத்துவிட்டுப் போனது. பேரணாம்பட்டில் ஒரு கல்யாண ரிசப்ஷன்; மழை பெய்து ஓய்ந்த ஈரத்தரை; கையில் கிதாரோடு மைக்குக்குக் குனிந்தவனின் உதடு மைக்கில் பட்டதும் ஒரே உதறல். விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. பெட்டி குழுவின் சாமான்களோடு கங்காதரனிடமே தங்கிவிட்டது. குடித்துவிட்டு ஒயரில் கையை வைத்தான் என்று போலீசிடம் சொன்னது கங்காதரன். வாசனைப் பாக்குகூடப் போடாத பிள்ளை! ஊர் நம்பிற்று. கோயிலில் பின்வரிசைப் பெண்கள் குடிகாரனைப் பெற்றவள் என்று குசுகுசுத்தார்கள். அன்றைக்குப் பாதியில் எழுந்து வந்துவிட்ட அம்மா சவுரியம்மாள் அதற்கப்புறம் பூசைக்குப் போகவே இல்லை. "அந்தக் கங்காதரனே அவன் வாயால இல்லன்னு சொல்லணும்," என்றாள் ஒரு தரம். அதன்பிறகு அவள் பேச்சே கம்மி.

கடைக்குப் பின்னால்தான் வீடு. இடையில் ஒரு துணித்திரை. அந்தத் திரைக்குப் பின்னால் கட்டிலில் அம்மாவின் செபமாலை மணிகள் உருளும் சத்தம் எப்போதும் கேட்கும். பெட்டி வந்த நாளிலிருந்து அது கேட்கவில்லை. அவள் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது ஆரோக்கியசாமிக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

பெட்டியின் இரும்புச் சட்டத்தை வெளியே இழுத்துக் கவிழ்த்து, பிரஷ்ஷால் பூஞ்சையைத் தட்டினான். தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டி நாற்றம் இந்த ஊரில் பிறந்தவன் மூக்குக்கு நாற்றமே இல்லை. ஆனால் உள்ளேயிருந்து வந்தது அது இல்லை. தேங்காயெண்ணெய் தடவிய முடி பொசுங்கும் வாடை. அதை அவன் ஒரே ஒரு தரம் முகர்ந்திருக்கிறான், பேரணாம்பட்டில், துணி போர்த்திய உடம்பின் தலைமாட்டில். மூச்சைப் பிடித்துக்கொண்டு கரண்ட் ஒயர் உள்ளே நுழையும் இடத்தை விளக்கில் காட்டிப் பார்த்தான்.

மூன்று ஒயரில் இரண்டுதான் உள்ளே போயிருந்தது. மூன்றாவது, உடம்பைக் காப்பாற்றுகிற எர்த் ஒயர், அடியோடு நறுக்கப்பட்டிருந்தது. நறுக்கிய முனையில் டேப் இல்லை. ஓரம் சீவிய மெல்லிய ஆட்டுத்தோல் துண்டு ஒன்று, சொலூஷன் வைத்து ஒட்டி, கம்பி இழை பிரியாமல் மடித்துச் சுற்றியிருந்தது.

எந்த எலெக்ட்ரீஷியனும் தோலை எடுத்துச் சுற்ற மாட்டான். ஷூ அப்பர் கம்பெனியில் தோல் கட்டிங் வேலை பார்த்தவன் கைதான், டேப் இல்லாத அவசரத்தில், சட்டைப்பையில் கிடந்த துண்டைத் தேடும். அந்தக் குழுவில் அப்போது கட்டிங் வேலையில் இருந்தவன் கங்காதரன் ஒருத்தன்தான். பெட்டி உறுமுகிறது என்று கல்யாண வீட்டுக்காரர் கத்தியிருப்பார். உறுமலை அடக்க எர்த்தை நறுக்கியிருக்கிறான். எர்த் போனதும் பெட்டியில் கசிந்த கரண்ட் கிதார் கம்பி வழியாகச் சூசையின் உடம்பில் இறங்கியிருக்கிறது. நறுக்கியதை யாரிடமும் சொல்லவில்லை. செத்தவன் தலையில் குடிகாரப் பட்டத்தைக் கட்டிவிட்டு ஏழு வருஷமாக மேடையில் சிரித்துக்கொண்டு நிற்கிறான். படுபாவி!

தொழில்காரன் கை பழக்கத்தில் ஓடியது. தோலைப் பிய்த்து ஓரமாகப் போட்டுவிட்டுப் புது ஒயரை வைத்துச் சட்டத்தில் ஈயம் வைத்தான். இழுத்துப் பார்த்தான், கெட்டியாக இருந்தது. மறுநாள் வந்து பார்த்தபோது ஒயர் தனியாகக் கிடந்தது. ஈயம் குன்றிமணியாக உருண்டு மூலையில் ஒதுங்கியிருந்தது. சட்டத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி வைத்தான். சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் மறுபடி விட்டிருந்தது.

அடுத்த தரம் அவன் நகரவில்லை. ஸ்டூலைப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்தான். வெளியே மழை ஓட்டில் சடசடத்துக்கொண்டிருந்தது. ஈயம் ஆறி மங்கலாயிற்று. கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு அந்த மங்கல் மெல்ல மெல்லப் பளபளப்பாக மாறுவதை, எந்தச் சூடும் இல்லாமல் ஈயம் ஈரமாகிக் கண்ணீர்த்துளியைப்போல் வழிவதை, அவன் கண்ணிமைக்காமல் பார்த்தான். ஒயர் தானாக விலகிக்கொண்டது. முடி பொசுங்கும் வாடை கும்மென்று ஏறியது. எந்த இணைப்பும் இல்லாமல் ஓரமாகச் சாய்த்து வைத்திருந்த ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு, முன்னால் ஒரு தரம் வந்தது. பின்னால் போனது. மூச்சு விடுவதைப்போல.

"சூசை," என்றான் ஆரோக்கியசாமி.

கூம்பு நின்றது. கேட்டுக்கொண்டு நின்றது.

தம்பி என்ன கேட்கிறான் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. பழைய மாதிரியே. எர்த் இல்லாமல். கங்காதரன் வந்து தொடட்டும். அது கொலை. ஞாயிறு தவறாமல் நற்கருணை வாங்கும் கை இது. தன் கையில் ரத்தம் படக்கூடாது என்று ஒரு மனம். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கட்டுமே என்று இன்னொரு மனம். அம்மா தலைகுனிந்து கோயில் படி இறங்கிய காட்சி கண்ணில் வந்தது. எர்த் ஒயரைச் சுருட்டி ஓரமாகத் தள்ளினான். வால்வுகளையும் ஸ்பீக்கரையும் மாட்டி, மூடியைப் போட்டுத் திருகினான். கரண்ட் கொடுத்து டெஸ்டரை வைத்ததும் பெட்டியின் உடம்பு முழுக்க, தொட்ட இடமெல்லாம், டெஸ்டர் செக்கச்செவேலென்று எரிந்தது.

"எப்ப வர்றான்?" என்று திரைக்குப் பின்னாலிருந்து கேட்டாள் அம்மா. யார் என்று அவள் சொல்லவில்லை.

கங்காதரன் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தான், குடையை மடக்கி, தோளில் கிதாரோடு. பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து மெச்சினான். மெச்சிக்கொண்டே ஓரக்கண்ணால் கரண்ட் ஒயர் நுழையும் இடத்தைப் பார்த்தான். குற்றமுள்ள நெஞ்சு.

"உள்ள ஒயர்லாம் பாத்தியா? சரியா இருந்துதா?"

"நீங்க சொன்ன மாதிரிதான் அண்ணா. ஒண்ணையும் மாத்தல."

கங்காதரனின் மெல்லும் வாய் நின்றது. பிறகு சிரித்தான். "அப்டின்னா நீயே மொதல்ல வாசி," என்று கம்பியைத் தொடாமல், வாரைப் பிடித்துக் கிதாரை நீட்டினான்.

அவனுக்குத் தெரியும்! இரண்டு பேரும் ஒருத்தர் கண்ணை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆரோக்கியசாமி அதற்குள் கிதாரின் ஒயரைப் பெட்டியில் செருகி ஸ்விட்சைப் போட்டிருந்தான். வால்வுகள் செந்நிறமாக விழித்திருந்தன. உறுமல் தரையில் ஊர்ந்து உள்ளங்காலில் ஏறியது. அப்போது டப்பென்று கரண்ட் போயிற்று. கடை, தெரு, பஜார், எல்லாம் இருட்டு. உறுமல் அடங்கி, வால்வுகள் கருத்தன.

அப்பாடா! சத்தியமாக ஆரோக்கியசாமிக்கு அழுகையே வந்துவிட்டது. கரண்ட் திரும்பி வரும்போது எகிறும் என்று பயந்து, எந்த மெக்கானிக்கும் செய்வதுபோல, தட்டுத்தடுமாறிப் பிளக்கைப் பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டான். வேண்டாம். இந்தப் பாவம் வேண்டாம். நாளைக்கு அந்தத் தோலைக் காட்டி, நாலு பேர் முன்னால், அம்மா முன்னால், நடந்ததைச் சொல்ல வைத்துவிடலாம். கர்த்தரே, பிழைத்தேன்.

"தொல்லபா இந்தக் கரண்டோட," என்று கங்காதரன் இருட்டில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. இப்போது அவன் குரலில் பயம் இல்லை. கரண்ட் இல்லாதபோது என்ன பயம்? மடியில் கிதாரை வைத்துக் கம்பியை ஒரு தரம் சும்மா மீட்டினான்.

பெட்டி பாடியது.

வெறும் கம்பியின் கிணுகிணுப்பு இல்லை. கடை முழுக்க நிறைந்த, கொழுத்த, சூடான வால்வு சத்தம். கங்காதரனின் சிரிப்பு பாதியில் அறுந்தது. பெட்டியின் உள்ளே ஒரு சிவப்புப் புள்ளி. இரண்டு. எல்லாம். அந்த வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது ஆரோக்கியசாமியின் கையிலிருந்த பிளக். அதன் பித்தளைக் கால்கள். எதிலும் செருகாதவை.

"உட்ரா," என்றான் கங்காதரன். "டேய், உட்ரா."

இடதுகை கம்பியில் ஒட்டியிருந்தது. வலதுகை மீட்டியது. அவன் மீட்டவில்லை, கை மீட்டியது. அவன் உடம்பு பின்னால் சாய்ந்து சாய்ந்து விடுபடப் பார்க்க, விரல்கள் மட்டும் சொந்தமாக, வேகமாக, அழகாக ஓடின. கங்காதரனுக்கு இந்த ஜென்மத்தில் வராத வாசிப்பு. சூசையின் வாசிப்பு. முடி பொசுங்கியது. ஆரோக்கியசாமி மரக்கட்டையை எடுத்துக் கையைத் தட்டிவிட்டான். கட்டை கருகியது. கிதாரின் ஒயரைப் பிடுங்கி எறிந்தான். பாட்டு நிற்கவில்லை. மூடியை நெம்பி எடுத்து வால்வைப் பிடுங்கினான். உள்ளங்கை வெந்தது. பிடுங்கிய வால்வு கையிலேயே எரிந்தது. பாட்டு நிற்கவில்லை.

"சூசை, போதும்டா!"

விரல் நுனிகளில் தோல் கிழிந்து கம்பி சிவந்தது. நகம் போயிற்று. அதற்கப்புறம் கம்பியில் உரசியது சதை இல்லை. கங்காதரன் சாகவில்லை. கண் இரண்டும் தெளிவாக, ஈரமாக, ஆரோக்கியசாமியையே கெஞ்சின.

திரை விலகியது. சுவரைப் பிடித்துக்கொண்டு சவுரியம்மாள் வந்தாள்.

"நிறுத்தாதடா. என் புள்ள வாசிக்கறான்."

அவள் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துச் சற்று நேரம் நின்றாள். அவளுக்குச் சுடவில்லை. பிறகு கங்காதரன் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, அவன் முகத்துக்கு நேரே முகத்தைக் கொண்டுபோனாள்.

"இந்தக் கை குடிச்சிட்டா வாசிச்சிது? சொல்லு கங்காதரா."

சொல்லத்தான் பார்த்தான். தொண்டை நரம்பு புடைக்க, உயிரைக் கொடுத்துச் சொல்லத்தான் பார்த்தான். வாய் அகலமாகத் திறந்தது. உள்ளே நாக்குக்குப் பின்னால் செந்நிறமாக ஒரு வெளிச்சம். வார்த்தை வரவில்லை. எர்த் இல்லாத பெட்டியின் உறுமல்தான், ஒரே சுருதியில், ஏறாமல் இறங்காமல், அந்த வாயிலிருந்து வந்தது.

அம்மா காதை அந்த வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"கேக்கல," என்றாள் பொறுமையாக. "திரும்பச் சொல்லு."

எலும்பு விரல்கள் அடுத்த பாட்டை எடுத்தன.