புளியமரத்து ஆணிகள்

ஆணி துருப்பிடித்திருந்தது. அதில் சுற்றியிருந்த முடியில் மட்டும் தேங்காய் எண்ணெயின் ஈரம் இன்னும் காயவில்லை.

ஞானராஜ் குறடைக் கீழே வைத்துவிட்டு விரல்களை முகர்ந்து பார்த்தார். அன்று காலையில்தான் யாரோ தலைவாரிக்கொண்டதைப் போன்ற மணம். அந்தப் புளியமரம் தம் தகப்பனார் காலத்துக்கு முன்பிருந்தே ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சாலையோரத்தில் நின்றதென்றும், ஐப்பசிக் காற்றில்தான் சாய்ந்ததென்றும் மரத்தை ஏற்றி வந்த வண்டிக்காரர் சொல்லியிருந்தார். ஆணிகளின்மேல் பட்டையே மூடி வளர்ந்திருந்தது. அப்படியிருக்க, இந்த ஈரம் எவ்வாறு வந்தது?

ராஜபாளையத்துக்கு வெளியே பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்த மர அறுவை ஆலையை முதலாளி சுந்தரபாண்டியன் வாங்கி, மிஷன் தொழிற்பள்ளியில் பிட்டர் வேலை பயின்ற ஞானராஜிடம் ஒப்படைத்திருந்தார். வட்ட ரம்பத்தின் துருவை மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்து, ஒவ்வொரு பல்லாக அரம் போட்டு, அச்சை மட்டம் பார்த்து நிறுத்தி, புதிய பெல்ட்டும் மாட்டியாயிற்று. இனி முதல் மரத்தைக் கோணலின்றி அறுத்துக் காட்டிவிட்டால் வேலை நிரந்தரம். கொட்டகையை ஒட்டிய ஓட்டு அறையும் அவர்களுக்கே. தாய்வீடென்று ஒன்று இல்லாத அவர் மனைவி இன்பம், நிறைமாதத்தை நெருங்கிய வயிற்றோடு அந்த அறையில்தான் படுத்திருந்தாள். முதல் குழந்தை தங்கவில்லை. இந்தக் குழந்தையாவது சொந்தக் கூரையின்கீழ் நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்பதே அவருடைய ஒரே வேண்டுதல்.

"அண்ணாச்சி, அதைப் பிடுங்காதிய," என்றார் மரம் உருட்டும் சமுத்திரம். "பேயாடுத பொம்பளையோட உச்சி முடிய எடுத்து, பேயோட்டுத கோடாங்கி, மரத்துல வச்சு அடிக்குத ஆணி அது. பேயி அதுலதான் கட்டுண்டு நிக்கும்."

"ஆணி இருந்தா ரம்பப் பல்லு தெறிச்சுரும் சமுத்திரம். இரும்புல ஏது பேயி?"

"ஒங்க கோயில்ல பாதிரியாரு வெள்ளிக்கிழமதோறும் ஓட்டுதாரே, அது என்ன, ஈயா?"

ஞானராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அடுத்த ஆணியையும் பிடுங்கினார். அது வெளிவருகையில், நெடுநேரம் அடக்கிவைத்த மூச்சை யாரோ மெல்ல விட்டதைப் போல ஓர் ஓசை கேட்டது.

சமுத்திரம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நான் போறேன் அண்ணாச்சி. எனக்கும் பிள்ளகுட்டி இருக்கு."

மரம் ஏற்கெனவே தண்டவாளத்துத் தள்ளுமேடையில் ஏற்றப்பட்டிருந்ததால், தனியாளாகவே அறுக்க முடிந்தது. மேற்கு மலையிலிருந்து மழையிருட்டு இறங்கிக்கொண்டிருந்த அந்த மாலையில், ஆயில் இன்ஜின் இருமி இருமிப் பற்றிக்கொள்ள, பெல்ட் சடசடத்து ஓட, ரம்பம் மங்கிய வெள்ளித் தட்டாகச் சுழன்று மரத்துக்குள் நுழைந்தபோது, புளியங்கட்டைக்கே உரிய முரட்டு அலறல் எழவில்லை. அவித்த கிழங்கை அரிவதுபோல் அது வழுக்கிக்கொண்டு சென்றது. பறந்து விழுந்த தூளில் மரத்தின் வாசனையும் இல்லை. சீயக்காயும் வியர்வையும் தேங்காய் எண்ணெயும் கலந்த மணம். பெண்கள் பலர் நெருக்கியடித்து நிற்கும் இடத்தின் மணம்.

பலகைகள் நூல் பிடித்தாற்போல் விழுந்திருந்தன. அவர் மகிழ்ந்திருக்க வேண்டும். இன்ஜினை நிறுத்தினார். அந்த அமைதியில், பின்னால் மரத்தூள் மிதிபடும் மெல்லிய ஓசை கேட்டது. திரும்பினார். ஒருவரும் இல்லை.

ஆனால் தூளில் தடங்கள் இருந்தன. வெறுங்கால்கள். பெரியவை. சிறியவை. ஒன்றில் மெட்டி அழுந்திய வடு. பலகைகளின் அருகே தொடங்கியிருந்தன. ஒன்றுகூடச் சாலைப் பக்கம் போகவில்லை. எல்லாம் அறையை நோக்கியே சென்றிருந்தன.

"இன்பம்!"

அறைக்கு விரைந்தார்.

அறைக் கதவு திறந்திருந்தது. விளக்கு ஏற்றப்படவில்லை. கூந்தலை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கால்களை நீட்டி அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னட்டி, ஒடம்புக்கு என்ன செய்யுது?"

அவள் நிமிர்ந்தாள். முகம் அவளுடையதுதான்.

"எம்புட்டு வருசமா நின்னுக்கிட்டே இருந்தேன்," என்றாள், வயது முதிர்ந்த ஒரு பெண்ணின் குரலில். "செத்த நேரம் உக்காந்துக்கிடுதேன்."

அதே வாய் உடனே வேறொரு குரலில் சீறியது: "ஏட்டி, ஒனக்கு மட்டுந்தான் கால் கடுக்குதோ? தள்ளி உக்காரு. நானும் வாரேன்ல."

"எனக்கு எடமே இல்லையே," என்று அதே வாயில் ஒரு சிறுமி அழுதாள்.

ஞானராஜ் கொட்டகைக்கு ஓடினார். பிடுங்கிப் போட்ட ஆணிகளில் ஒன்றை எடுத்தார். சுத்தியலை எடுத்தார். செபம் நாவுக்கு வரவில்லை. மனைவியின் முடியை எந்த மரத்தில் வைத்து அடிப்பது? மரம் இல்லை. பலகைகள்தாம் இருந்தன. நேராக. வழவழப்பாக. அவரே அறுத்தவை.

திரும்பி வந்து வாசற்படியில் நின்றார்.

உள்ளே சச்சரவு அடங்கியிருந்தது. இன்பம் இரு கைகளாலும் வயிற்றை ஏந்திக்கொண்டு அவரைப் பார்த்தாள். இப்போது பேசியது அவளுடைய சொந்தக் குரல். எல்லாக் குரல்களிலும் அதுவே மிகச் சிறியதாக, மிகத் தொலைவிலிருந்து வந்தது.

"ஏங்க… பிள்ளையத் தள்ளிப் படுக்கச் சொல்லுதாவ."

அவள் கைகள் அசையவில்லை. கைகளில் ஒரு வளையலும் இல்லை.

சேலை மூடிய வயிற்றுக்குள்ளிருந்து, கண்ணாடி வளையல்கள் கலகலவெனக் குலுங்கின.