ஆணியில் தொங்கிய ஏறுதோல்

அடுப்பு அணைந்து, ஜன்னலின் உள்பக்கமே உறைபனி பூத்திருந்த அந்த மலைக்குடிலில், ஆணியில் தொங்கிய அந்த ஏறுதோல் ஜோடி மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. தொட்டதும் காவ்டென்ஸ் கையை இழுத்துக்கொண்டான். உடனே தன் மேலேயே எரிச்சல் வந்தது. பயப்படுவதெல்லாம் சூரிச் நகரத்துக்காரர்களின் வேலை.

சுவிட்சர்லாந்தின் எங்கடின் பள்ளத்தாக்கில் பனிச்சறுக்குக் கடை வைத்திருப்பவன் அவன், வழிகாட்டியாகவும் போவான். சமவெளிக்காரர்களைக் கண்டாலே இளக்காரம். மலையேறும்போது வழுக்காமலிருக்கச் சறுக்குப் பலகையின் அடியில் ஒட்டுகிற ரோமப் பட்டையான ஏறுதோலைக்கூட அதுகளுக்குத் தேர்ந்தெடுக்கத் தெரியாது. ஆட்டு ரோமம் வழுக்கும், நைலான் பிடிக்கும். கழுதைக்குச் சொன்னாலும் விளங்கும் என்பான். அப்பேர்ப்பட்டவன் நேற்று தன் ஏறுதோலை அடுப்பை ஒட்டிக் காயப்போட்டு, பசையெல்லாம் உருகி வழிய விட்டிருந்தான். விறகும் ரொட்டியும் தீர்ந்தாயிற்று. புயலுக்கு முன் கணவாயைத் தாண்டாவிட்டால் இந்தக் குடிலே இருவருக்கும் கல்லறை.

"யாரோ விட்டுட்டுப் போனதாச்சே? ஆணியில இருக்கறதத் தொடக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார் லினஸ், கூட வந்திருந்த சூரிச் பல் டாக்டர்.

"பல்லு பிடுங்குறவன் எனக்கு மலையைப் பத்திச் சொல்றியா? தோலத் தொலைச்ச முட்டாளுக்கு இனிமே அது எதுக்கு? உன் பையக் கட்டு நீ."

உயரம் ஏறிவிட்டால் 'நீங்க, வாங்க' கிடையாது என்பது மலை வழக்கம். காவ்டென்ஸுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

ஒவ்வொரு பலகைக்கும் நடுவில் ஒவ்வொரு அளவில் இடுப்பு வளைவு. இரும்பு ஓரம் மட்டும் தெரியும்படி தோலை வெட்டியாக வேண்டும். இதில் வெட்ட வேலையே இல்லை. முனையில் கொக்கியை மாட்டினான். மீதி தானாகவே படிந்துகொண்டது.

மூடுபனியில் வானமும் சரிவும் ஒன்றாகிவிட, ரோமம் பனியில் உரசும் ஓசையும், நனைந்த ஆட்டு வாடையும், அதனடியில் நெடுநாள் நோயாளியின் படுக்கை போன்ற ஒரு புழுங்கிய நாற்றமும் கூடவே ஏறி வந்தன. அவன் நின்றான். லினஸும் நின்றார். உரசல் நிற்கவில்லை. அவன் பாதத்துக்கு அடியில். மெதுவாக. மூச்சு போல.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. வாய மூடிட்டு ஏறு."

குரல் நடுங்கியது. அவமானமாக இருந்தது.

கணவாயில் லினஸ் தன் தோலைச் சர்ரென்று உரித்து மடித்துக்கொண்டார். காவ்டென்ஸ் ஒரு பலகையைக் கழற்றி, தோலின் வால்நுனியைப் பிடித்து இழுத்தான். குதிகாலில் சுரீரென்றது. விட்டான். வலி போயிற்று. மறுபடி இழுத்தான். மறுபடி சுரீர்.

தோலை உரித்தால்தான் சறுக்கி இறங்க முடியும். காற்று ஊளையிடத் தொடங்கியிருந்தது.

"குடுங்க, நான் இழுக்கறேன்," என்று லினஸ் பலகையை வாங்கினார்.

"வேணாம்... வேணாங்க டாக்டர்..."

காற்றில் அது அவர் காதில் விழவில்லை. பல் பிடுங்கிப் பழகிய கை. ஒரே இழுப்பு.

காவ்டென்ஸ் அலறினான்.

லினஸின் கையில் தோல் தொங்கியது. பசைப் பக்கத்தில் பசை இல்லை. பாதம் இருந்தது. ஐந்து விரல்களின் ரேகை. குதிகாலின் வெடிப்புகள். ஓரமெல்லாம் சிவப்பு.

காவ்டென்ஸின் பூட்ஸுக்குள் சூடாக ஏதோ நிறைந்தது.

இன்னொரு பலகை அவன் காலில்தான் இருந்தது. அது மெல்ல நகர்ந்தது. சிகரத்தை நோக்கி.