கட்டிலின் மறுபாதி

காலையில் அவள் இழுத்துச் சரிசெய்துவிட்டுப் போன விரிப்பு, மதியம் திரும்பி வந்தபோது ஒரு பக்கம் மட்டும் குழிந்திருந்தது.

சுவரோரப் பக்கம் அல்ல. அது சிட்டு படுக்கிற பக்கம். அங்கே விரிப்பு ஒரு சுருக்கம்கூட இல்லாமல் அப்படியே கிடந்தது. குழிந்திருந்தது வெளிப்பக்கம். மகள் உயிரோடிருந்தவரை யாரையும் உட்காரவே விடாத பக்கம். தலையணையில் தொடங்கிக் கால்மாடு வரை, கனத்த உடம்பொன்று ஒருக்களித்துப் படுத்துச் சற்றுமுன் எழுந்து போனதுபோல நீளமாக ஒரு பள்ளம். கையிலிருந்த பையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் அவள் வாசலிலேயே நின்றாள். சமையலறையில் குளிர்பெட்டி ஒருமுறை உறுமி அடங்கியது. பிறகு உள்ளே போய் உள்ளங்கையால் அந்தப் பள்ளத்தை நீவிவிட்டாள். மெத்தை சூடாக இருந்தது.

சிட்டு என்பது வீட்டில் கூப்பிடுகிற பெயர். ஏழு வயது. ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில், ஒவ்வொருவருக்கும் பிறந்ததிலிருந்தே காவலுக்கு ஒரு தேவதூதர், ஒரு காவல் சம்மனசு உண்டு, அது தூங்காமல் பக்கத்திலேயே நிற்கும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அன்று இரவே சிட்டு சுவரோடு ஒட்டிப் படுத்துக்கொண்டு பாதிக் கட்டிலைக் காலியாக விட்டாள்.

"தூங்காதுன்னுதானேடி சொன்னாங்க? அதுக்கு எதுக்குக் கட்டில்?"

"தூங்காட்டி என்ன, படுக்கலாம்ல? நின்னுக்கிட்டே இருந்தா கால் வலிக்கும்ல?"

அவளுடைய அப்பா பஸ் ஓட்டுநர். வேலை முடிந்து வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு அறை வாசலில் நிற்பான். "உன் சம்மனசு எனக்குக் கொஞ்சம் தள்ளிப் படுக்குமா? உக்காந்து உக்காந்து இடுப்பு ஒடிஞ்சு போச்சு."

"நீங்க கீழ படுங்கப்பா. அவருக்கு றெக்கை மடங்கிடும்."

மழை விட்டிருந்த நேரத்தில் சிட்டுவுக்கு நெஞ்சுச்சளி கண்டது. மருத்துவமனையில் வைத்துப் பார்த்து, காய்ச்சல் இறங்கிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பிய சில நாட்களிலேயே, ஒரு மதியம், இதே கட்டிலில், அவள் மடியில் சிட்டு போய்விட்டாள். செய்தி எட்டியபோது அப்பன்காரன் பஸ்ஸில் இருந்தான். பயணிகளை அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிட்டு ஓடி வந்தான். வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதன்பிறகு அவன் அந்த அறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. அழவும் இல்லை. அடக்கத்துக்கு வந்தவர்கள் அவனைப் பார்த்துத்தான் அதிகம் பயந்தார்கள்.

பள்ளத்தைப் பார்த்த அன்று இரவு சாப்பிடும்போது அவள் கணவனிடம் சொன்னாள்.

"சிட்டு பெட்டுல குழி விழுந்திருக்குங்க."

"பழைய பெட்டுதானே."

"அவ படுக்கிற பக்கம் இல்ல. அந்தப் பக்கம்."

அவன் கை தட்டில் அப்படியே நின்றது. நிமிர்ந்து பார்க்கவில்லை. "அந்த ரூமைப் பூட்டிடுவோமா?"

"வேண்டாம்."

"சரி, விடு," என்று எழுந்து கை கழுவப் போனான். குழாயை மூட வெகுநேரம் ஆயிற்று.

மறுநாளும் பள்ளம் இருந்தது. அதற்கு மறுநாளும்.

படங்களுக்குச் சட்டம் போடும் கடையொன்றில் அவளுக்கு வேலை. கண்ணாடி வெட்டுவது அவள் பொறுப்பு. உடைந்த மரப்பாலத்தில் நடக்கும் இரண்டு குழந்தைகளுக்குப் பின்னால், சிவந்த கன்னமும் வெள்ளை அங்கியுமாகக் கை விரித்து நிற்கும் சம்மனசின் படத்துக்கு மட்டும் எத்தனை கண்ணாடி வெட்டியிருப்பாளோ, அவளுக்கே தெரியாது. இப்போது அந்தப் படம் மேசைக்கு வந்தால் முகத்தைப் பார்க்காமல் ஓரங்களை மட்டும் அளந்தாள். குழந்தைகள் பாலத்தைத் தாண்டிவிட்டார்களா இல்லையா என்று அந்தப் படத்தில் தெரியாது. முன்பு அவள் இதை யோசித்ததே இல்லை.

ஒரு நாள் வேலை முடிந்து நேராகக் கோயிலுக்குப் போனாள். ஃபாதர் பின்கட்டில் ஒரு மின்விசிறியைக் கழற்றிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். சிட்டுவை அடக்கம் செய்து வைத்தவர் அவர்தான். அவளைப் பார்த்ததும் துணியைக் கீழே வைத்தார்.

"ஒரு சந்தேகம், ஃபாதர். பிள்ளை போயிட்டா, அதோட காவல் சம்மனசு என்ன ஆகும்?"

இப்படிக் கேட்கும் தாய்மாரை அவர் முன்பும் பார்த்திருப்பார்போல. குரலை மெதுவாக்கிக்கொண்டார். "ஆன்மாவைக் கூட்டிக்கிட்டுப் போய்ச் சேர்க்கும்மா. அதுதான் அதோட கடைசி வேலை. அதுக்கப்புறம் இங்க அதுக்கு என்ன இருக்கு?"

"வேற பிள்ளைக்குப் போகாதா?"

"போகாது. ஒருத்தருக்கு ஒண்ணுதான்."

"அது இன்னும் வீட்டுலயே இருந்தா?"

அவர் விசிறியின் இறக்கை ஒன்றை எடுத்து, ஏற்கெனவே துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். "தூதர்னா அனுப்பப்பட்டவர்னு அர்த்தம். நம்மளை மாதிரி உடம்பு கிடையாது, நம்மளை மாதிரி மனசும் கிடையாது. இரக்கப்பட்டு ஒண்ணு கூடுதலாச் செய்யாது, அலுத்துப்போய் ஒண்ணு குறைச்சும் செய்யாது. சொன்னதைச் செய்யும். படத்துல போடுறது எல்லாம் நம்ம ஆறுதலுக்கு. வேதத்துல அதைப் பாத்தவங்க முகங்குப்புற விழுந்திருக்காங்க. அதனாலதான் வந்ததும் முதல்ல 'பயப்படாதே'ன்னு சொல்லுது. கன்னம் சிவந்த பொம்மையைப் பாத்து யாரும்மா குப்புற விழுவா?"

அவள் லேசாகச் சிரித்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

கிளம்பும்போது அவர் கூப்பிட்டார். "அது இருக்கிற மாதிரி தோணுச்சுன்னா, பேச்சுக் கொடுக்காதம்மா. செபம் பண்ணு. அதுகிட்ட எதுவும் கேக்காத."

ஆனால் அவள் பேசினாள். முதலாளியிடம் சொல்லி மதியத்தோடு வேலையை முடித்துக்கொண்டு வந்து, அலமாரியில் முதுகு சாய்த்துக் கட்டிலுக்கு எதிரே தரையில் உட்காருவாள். ஜன்னல் திரை வழியே வெயில் மஞ்சளாக இறங்கும். கொஞ்ச நேரம் எதுவும் இருக்காது. பிறகு கூரையிடுக்கில் புறாக்கள் அடையும் இடத்தில் வருமே, அப்படிப் புழுதியும் இறகுச்சூடும் கலந்த ஒரு வாசனை தரையோரமாகப் பரவிவரும். விரிப்பு தானாக அழுந்தும். பெரிய தாள்களை யாரோ அவசரமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதுபோல ஒரு சரசரப்பு கேட்டு நிற்கும். அவளுக்குப் பயமாக இல்லை. இந்த உலகத்தில் சிட்டுவை முழுதாகத் தெரிந்த இன்னொருவர் வந்து உட்கார்ந்திருப்பதாகத்தான் இருந்தது.

"பல் விழுந்ததை ஒளிச்சு வைச்சாளே, எங்கன்னு உங்களுக்குத் தெரியும்ல?" என்று கேட்பாள். "பள்ளிக்கூடத்துல யாரோ அவளைத் தள்ளிவிட்டாங்கன்னாளே, நீங்க எங்க போனீங்க அப்ப?" கோபித்துக்கொள்வாள். பிறகு, "போங்க, உங்களுக்கும் கஷ்டமாத்தான் இருக்கும்," என்று கண்ணைத் துடைத்துக்கொள்வாள். பிள்ளையை இழந்த வீட்டில் அழுவதற்குத் துணை கிடைப்பது எத்தனை பெரிய காரியம். அவள் முகம் தெளிந்தது. கணவன்கூட அதைக் கவனித்தான்.

"இப்பல்லாம் நல்லா இருக்க," என்றான் ஒரு நாள், ஏதோ குற்றம் சொல்வதுபோல. "எனக்குத்தான் ஒண்ணும் வழி தெரியல. ஸ்டியரிங்கைப் பிடிச்சதும் அந்த ரோடுதான் வருது. கடைசியா ஒரு தடவை முழிச்சிருந்த அவ முகத்தைக்கூட நான் பாக்கல."

அவள் அவன் தோளைத் தொட்டாள். அந்த அறைக்குள் வந்து உட்காருங்கள் என்று சொல்ல நினைத்தாள். சொல்லவில்லை.

பிறகு ஒரு நாள் பகல் முழுக்க வானம் மூடிக்கொண்டிருந்தது. மதியமே விளக்குப் போடவேண்டிய இருட்டு. அவள் விளக்குப் போடவில்லை. தெருவில் ஆளரவம் இல்லை, குழாய்கூடச் சொட்டவில்லை. அந்த அமைதியில்தான், சரசரப்புக்கு அடியில் இன்னொரு சத்தம் இருப்பது அவளுக்குக் கேட்டது. எப்போதும் இருந்திருக்க வேண்டும். தன் பேச்சுச் சத்தத்தில் அவள்தான் கேட்காமல் போயிருக்கிறாள்.

மெல்லிய ஒரு இழுப்பு. ஈரமான நூலைத் துணியிலிருந்து உருவுவதுபோல. பிறகு ஒரு தடை. பிறகு ஒன்றுமில்லை.

மறுபடியும் இழுப்பு. தடை.

வெளியே விடுகிற சத்தம் மட்டும் வரவேயில்லை.

அவளுக்கு அந்தச் சத்தம் தெரியும். மடியில் வைத்துக்கொண்டு கேட்ட சத்தம். உதடு நீலம் பாய்ந்து, நெஞ்சு மேலேறி, இறங்காமல் நின்ற அந்தக் கடைசி மூச்சு.

சிட்டு போன அந்த மதியம் தான் செய்ததும் அவளுக்கு நினைவுக்கு வந்தது. கதவு திறந்து கிடந்தது. உதவிக்கு யாருமில்லை. அவள் பிள்ளையைப் பார்த்துப் பேசவில்லை, கடவுளைக் கூப்பிடவில்லை. கட்டிலின் காலிப் பக்கத்தைப் பார்த்துக் கத்தினாள். விடாதே. பிடிச்சுக்கோ. என்ன ஆனாலும் அவளை விட்டுடாதே.

சொன்னதைச் செய்யும் என்றாரே ஃபாதர்.

அவள் எழுந்தாள். அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவ உங்ககிட்டயா இருக்கா?"

சரசரப்பு நின்றது.

"காட்டுங்க."

வாசனை கனத்தது. இருட்டின் ஒரு பகுதி மட்டும் இன்னும் இருட்டாகி, உருக்கொண்டு, கட்டிலின் மறுபாதியில் தெரிந்தது. அவள் கண்ணாடி வெட்டிய படங்களில் இருந்தது இல்லை. மேற்கூரை போதாமல் அதன் கழுத்து மடிந்து சுவரோடு வளைந்திருந்தது. சாம்பல் நிறம். முகம் இருக்கவேண்டிய இடத்தில் பொறுமை மட்டும் இருந்தது. கல்லுக்கு இருக்கிற பொறுமை. அது அவள் பக்கம் திரும்பியது.

"பயப்படாதே," என்றது.

அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது.

இறக்கை மெல்ல விலகியது.

சிட்டு. அதே மஞ்சள் கவுன். வியர்வையில் நெற்றியோடு ஒட்டிய அதே முடி. அந்தப் பெரிய கைகள் அவளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தன, துளி தளர்வில்லை. விலா எலும்புகள் மேலேறி நின்றன. வாய் திறந்திருந்தது. கண்களும் திறந்திருந்தன. அவை அம்மாவைப் பார்த்தன. அடையாளம் கண்டுகொண்டன. இத்தனை மாதமும். ஒவ்வொரு மதியமும் எதிரே உட்கார்ந்து அம்மா பல் விழுந்த கதை பேசிக்கொண்டிருந்தபோதெல்லாம்.

கூப்பிட மூச்சு வேண்டும். அது பிள்ளையிடம் இல்லை.

"என் தங்கமே," என்று தாய் கை நீட்டினாள். விரல் போய்ச் சேரவில்லை. கட்டில் அங்கேதான் இருந்தது, பிள்ளை அங்கேதான் இருந்தாள், ஆனால் நடுவில் தூரம் தீரவில்லை.

அது காத்திருந்தது. தான் சொல்வதற்காகவே காத்திருக்கிறது என்று தாய்க்குப் புரிந்தது. ஒரு சொல் போதும். போகட்டும். அவ்வளவுதான். ஆனால் அந்தச் சொல்லோடு சிட்டு இரண்டாவது முறையும் சாவாள், இந்த முறை அம்மா சொல்லித்தான் சாவாள்.

மகள் கண்ணில் தண்ணீர் நிறைந்தது. வழியவில்லை. அதுவும் பாதியில் நின்றது.

தாய் தன் கையைத் தானே கடித்துக்கொண்டாள். பிறகு எடுத்தாள். வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி முயன்றாள்.

"போ..." என்றாள். "போக..."

அந்தக் கைகள் முதல்முறையாகத் தளர்ந்தன. பிள்ளையின் நெஞ்சு ஒரு இழை இறங்கியது. முகத்தில் ஏதோ ஒன்று இளகியது.

பின்னால் தரையில் சாவிக்கொத்து விழுந்தது.

அவன் வாசலில் நின்றான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. அழுக்கேறிய காக்கிச் சட்டை. அத்தனை மாதம் தாண்டாத வாசல். அவனுடைய பார்வை அந்த உருவத்தின்மேல் இல்லை. இறக்கைக்குள் இருந்த முகத்தின்மேல் மட்டும் இருந்தது. விழித்திருந்த முகம்.

"சிட்டு," என்றான்.

"வேண்டாங்க, நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. நான் சொல்றதைக் கேளுங்க. அவளால..."

அவன் அவளைத் தாண்டிப் போய்க் கட்டிலருகே மண்டியிட்டான். அவன் தோள்கள் குலுங்கின. சாவு வீட்டில் வராத அழுகை, அடக்கத்தில் வராத அழுகை, எல்லாம் இப்போது வந்தது. கும்பிட்ட கைகளை அந்த முகமற்ற முகத்தை நோக்கித் தூக்கினான்.

"கூட்டிக்கிட்டுப் போயிடாதீங்க," என்றான். "நான் இப்பதான் வந்தேன். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

அவள் அவன் வாயைப் பொத்த ஓடினாள்.

கைகள் மறுபடி இறுகின. இறங்கிய நெஞ்சு மேலேறி நின்றது. தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்துவதுபோல, அத்தனை பதமாக, இறக்கை திரும்ப வந்து மூடியது. நெற்றி மறைந்தது, கண் மறைந்தது. மஞ்சள் துணி மறைந்தது. அப்பன் கட்டில் விளிம்பில் கன்னம் பதித்து, "பாத்துட்டேன், பாத்துட்டேன்," என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

இறகுகளின் ஓரத்தில் சின்ன விரல்கள் மட்டும் வெளியே இருந்தன. நகங்கள் நீலமாக இருந்தன. அவை அம்மாவை நோக்கி நீண்டு, மடங்கி, மறுபடியும் நீண்டன.