கிராதிக்குக் கீழே

இடப்பக்கக் கீழ் வரிசையில் பதினோராவது பீரங்கி உள்ளே போயிருந்தது.

பதினான்கில் பதிமூன்று, பல் டாக்டர் வைத்தது வைத்தபடி, கப்பலின் சாளரங்களுக்கு வெளியே மூக்கை நீட்டிக்கொண்டிருந்தன. பதினோராவது மட்டும் ஒரு நெல்மணி நீளம் பின்வாங்கி இருட்டுக்குள் உட்கார்ந்திருந்தது. அவ்வளவுதான் விஷயம். வேறு யாராவது என்றால் கவனித்திருக்கவே மாட்டார்கள். முப்பத்தாறு வருடம் அடுத்தவர் வாயில் எந்தப் பல் அரை மில்லிமீட்டர் உள்ளே தள்ளியிருக்கிறது என்று பார்த்தே பிழைத்தவருக்கு வரிசை கலைந்தால் தூக்கம் வராது.

பசை விட்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டார். பசை விட்டால் பீரங்கி முன்பக்கம் சாயுமே தவிர, சக்கரத்தில் நின்றபடி பின்னால் போகாது என்பதும் அவருக்குத் தெரியும். அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

கிளினிக் கீழ்த்தளத்தில். ஒரு மணிக்கு அடைத்தால் நாலரைக்குத்தான் திறப்பார்கள். அந்த மூன்றரை மணி நேரமும் தெருவே சட்டையைக் கழற்றிப்போட்டுத் தூங்கும். மாடி அறையில் வெள்ளைத் திரை வழியே வெயில் பால் மாதிரி வடிந்து விழ, தேன்மெழுகும் மரத்தூளும் கீழே கிளினிக்கின் கிராம்பு எண்ணெயும் கலந்த வாசனையில், எழுபத்து நான்கு பீரங்கிகள் கொண்ட பழங்காலப் போர்க்கப்பல் ஒன்று அறுபத்து நான்கில் ஒரு பங்காகச் சுருங்கி மேசைமேல் நின்றது. நாலு வருட வேலை. பேரிக்காய் மரத்தைத் தாளாகச் சீவிப் பலகை. மூங்கிலைக் கம்பியாக இழுத்து மர ஆணி. அதற்கு ஓட்டை போட்டது பல் துளைக்கும் டிரில். மாலுமிகள் படுக்கும் தொங்கு படுக்கைகள் முழுக்க, பல் பிடுங்கிய பிறகு கடிக்கக் கொடுக்கும் காஸ் துணி. நோயாளிகளுக்குப் போக மிஞ்சியதுதான் என்று அவர் சொல்வார். கிளினிக் நர்ஸ் கருத்துச் சொல்ல மாட்டாள்.

மூன்று பாய்மரங்களுக்கும் கயிறு கட்டுவதுதான் கடைசி வேலையாக இருந்தது. அதைத் தொடங்குகிற வாரத்தில்தான், கூடப் படித்த கண் டாக்டர் விளக்கை அணைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நடுப்பார்வை போயிட்டிருக்குடா. ஓரம் மிஞ்சும். ஆறு மாசம்னு வச்சுக்க. இந்த நூல் கட்டற வேலையெல்லாம் விட்டுடு."

"ஆறு மாசமா? அஞ்சு போதும்" என்றார் பல் டாக்டர்.

அஞ்சு மாதத்தில் கட்டி முடித்தார். அறுநூற்றுச் சொச்சம் முடிச்சுகள். கடைசி முடிச்சைப் போட்ட அன்று, நேரே பார்த்த இடத்திலெல்லாம் ஈரக் கட்டைவிரலை அழுத்தினாற்போல ஒரு கறை வந்து உட்கார்ந்துகொண்டது. எதைப் பார்க்க வேண்டுமானாலும் அதற்குப் பக்கத்தில் இருப்பதைப் பார்க்க வேண்டும். கிளினிக்கில் டிரில்லைப் புதிதாகச் சேர்ந்த சின்ன டாக்டரம்மா பிடித்தாள். இவர் வருகிறவர்களிடம் பேரன் பேத்தி எண்ணிக்கை விசாரித்தார். இனி ஒரு நூல் அறுந்தால் அறுந்ததுதான். அதைத் திரும்பக் கட்டுகிற கண் இந்த வீட்டில் இல்லை.

அந்தக் கடைசி முடிச்சு போட்ட அன்றைக்குத்தான் அவர் மனைவி காபியோடு மேலே வந்து, முதல் தடவையாகக் கப்பலுக்குள் குனிந்து பார்த்தாள். ரிட்டையர் ஆன கணக்கு டீச்சர். அவள் குனிந்து பார்த்தால் ஏதாவது தப்பு அகப்பட்டே தீரும்.

"இத்தனை தொட்டில் எதுக்கு?"

"தொட்டில் இல்ல டீச்சர், மாலுமிங்க படுக்கை. நூத்தி எண்பது கட்டியிருக்கேன். சாளரம் வழியா எட்டிப் பாத்தா தெரியுமில்ல?"

"எழுந்தா மேல எப்படி வருவாங்க?"

"ஏணி வழியா. அதோ பார், கிராதி போட்டிருக்கே, அதைத் தூக்கினா ஏணி."

"தூக்குங்க பார்க்கலாம்."

அவர் காபியை ஊதினார். கிராதி என்பது இறங்கும் வழியை மூடுகிற சதுரமான மரத் தட்டி. அதன் கீழே ஓட்டை இருக்க வேண்டும், ஓட்டையில் ஏணி இருக்க வேண்டும். கப்பல் பொம்மை கட்டுகிறவர்கள் பலரும் செய்கிற காரியத்தை அவரும் செய்திருந்தார். வெளியே தெரியாத இடத்தில் எதற்கு வேலை என்று தளத்தை முழுசாகப் பலகை போட்டு மூடி, ஆணியும் அடித்து, அதன்மேல் கிராதியை அழகுக்கு ஒட்டிவிட்டார். படுக்கை எட்டிப் பார்த்தால் தெரியும், கட்டினார். ஏணி தெரியாது, கட்டவில்லை.

"அப்ப நூத்தி எண்பது பேரைப் படுக்க வச்சுட்டு மேல பலகையை ஆணி அடிச்சு மூடிட்டீங்க" என்றாள் டீச்சர். "நல்ல மனசுங்க உங்களுக்கு."

"ஆளே இல்லையே அதுல."

"படுக்கையைப் போட்டு வச்சா ஆள் வந்துடும். எங்க பெரியப்பா வீட்டுக் கல்யாணத்துல பாக்கலையா நீங்க?"

டம்ளரை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். பத்து நாள் கழித்துப் பதினோராவது பீரங்கி உள்ளே போனது.

அடுத்த நாள் வாசனை. மெழுகுக்கும் கிராம்புக்கும் அடியிலிருந்து மெல்ல எழும்பிய ஈரத் துணி வாசனை, காய்ச்சிய தார், கெட்டுப்போன தண்ணீர், அப்புறம் பல நாள் குளிக்காத நிறைய உடம்புகள் நெருக்கிப் படுத்துறங்கும் அறையின் புழுங்கிய மூச்சு. பல் டாக்டர் சன்னலைத் திறந்தார். காற்று வெளியிலிருந்து உள்ளே வந்தது. வாசனை போகவில்லை.

அதற்கடுத்த நாள் அவர் கண் டாக்டரிடம் போய்விட்டுத் திரும்பியபோது டீச்சர் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"மத்தியானம் பூரா மேல என்னங்க டக்கு டக்குன்னு? மனுஷி கண்ணசர வேணாமா?"

செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இனிமே மெதுவா தட்டறேன்" என்றார்.

மச்சானை வரச் சொன்னார். டீச்சரின் தம்பி, கதவு சன்னல் செய்கிற பட்டறை வைத்திருப்பவன். மரம் பேசினால் அவனுக்குப் புரியும். வந்தவன் கப்பலின் வயிற்றில் காதை வைத்துக்கொண்டு, நோயாளியின் முதுகில் டாக்டர் கேட்பதைப் போல ரொம்ப நேரம் கேட்டான். பிறகு டார்ச்சைச் சாளரத்துக்குள் அடித்துப் பார்த்தான்.

"மரம் முறுக்கற சத்தம்தானே மாப்ளே?"

"இல்ல அத்தான். இது உளி."

"பூச்சியா இருக்கும்."

"பூச்சி மூச்சு வாங்க நடுவுல நிறுத்தாது." டார்ச்சை அணைத்தான். "படுக்கை எல்லாம் கனமா தொங்குது. நாலஞ்சுதான் காலி."

"அந்த நாலஞ்சு?"

"வேலை பாக்குது போல."

மச்சான் டார்ச்சைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"நான் ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. நாலு பலகையை எடுத்துடறேன். சின்னதா ஒரு ஏணியை இறக்கிடலாம். அவங்க பாட்டுக்குப் போயிடுவாங்க."

"ரம்பம் எப்படி உள்ள போகும்? மேல பூரா கயிறு."

"கயிறை வெட்டித்தான் ஆகணும்."

"வெட்டினா திரும்பக் கட்ட எனக்குக் கண்ணு இல்ல. தெரியுமில்ல?"

"தெரியும் அத்தான். அதான் கோச்சுக்காதீங்கன்னேன்."

"போய்ட்டு வா" என்றார் பல் டாக்டர். இந்த வீட்டில் காபி குடிக்காமல் ஒருநாளும் படியிறங்கியறியாதவன் அன்று இறங்கிப் போனான்.

அவன் போன பிறகு அவர் கதவைத் தாழிட்டார். பயம் இருந்தது. பயத்தை நாற்காலியில் உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொல்வதுதான் அவர் தொழில். மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு, கைப்பிடி நீண்ட குட்டி வட்டக் கண்ணாடியை, கடைவாய்க்குள் விடுகிற மாதிரியே பதினோராவது சாளரத்துக்குள் விட்டார். கண்ணாடியில் முதலில் இருட்டு. பிறகு காஸ் துணியின் வெளுப்பு, வரிசை வரிசையாக, அநேகமாக ஒவ்வொன்றிலும் ஆள் படுத்தாற்போல ஒரு பள்ளம். தளம் அசையாமல்தான் இருந்தது. படுக்கைகள் மட்டும் கடல்மேல் இருப்பதைப் போல ஒரே தாளத்தில் ஆடின, எல்லாம் இடம், எல்லாம் வலம். கறை நடுவில் வந்து மறைத்தது. தலையைச் சாய்த்து ஓரத்தால் பார்த்தார்.

கண்ணாடி நின்றுவிட்டது.

எதிலும் மாட்டவில்லை. கடித்திருக்கிறது. அந்தப் பிடி அவர் கைக்குப் பழக்கமானது. பயந்த நோயாளி, வேண்டுமென்று இல்லாமல், மெல்லப் பல்லை மூடிக்கொள்கிற பிடி. முப்பத்தாறு வருடப் பழக்கத்தில் வாய் தானாகச் சொன்னது: "விடுங்க. ஒண்ணும் பண்ண மாட்டேன்."

விட்டது.

கண்ணாடியை வெளியே எடுத்தார். விளிம்பில் ஈரம். அரை வட்டமாகக் கீறல்கள், நகத்தால் தடவி எண்ணினால் பத்தோ பன்னிரண்டோ. அதில் ஒரு இடைவெளி. ஒரு முன்பல் இல்லாத வாய்.

கண்ணாடியைத் துடைத்து மேசைமேல் வைத்தார். பிறகு கோபம் வந்தது. நல்ல, சுத்தமான கோபம்.

"கேட்டுக்கங்க" என்றார் கப்பலிடம். "நாலு வருஷம் கட்டினவன் நான். நேத்து வந்தவங்க நீங்க. கண்ணையே குடுத்துட்டேன் இதுக்கு. ஏணியும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. படுங்க பேசாம."

பீரங்கி மூக்குகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினார். சாளரக் கதவுகளைச் சாத்தி, ஓரங்களில் பசை தடவினார். கீழ் வரிசையில் இரண்டு பக்கமும் சேர்த்து இருபத்தெட்டு. கடைசிக் கதவை அழுத்திப் பிடித்திருந்தபோது அது அவர் விரலுக்கு எதிராக ஒருமுறை தள்ளிப் பார்த்தது. அவர் திரும்பத் தள்ளினார். பசை இறுகியது.

சத்தம் நின்றது. இரண்டு நாள் நின்றது. அவர் இரண்டு நாளும் நன்றாகச் சாப்பிட்டார். சாளரக் கதவைச் சாத்தினால் போதும் என்று மச்சானுக்குப் போனில் பாடம் எடுத்தார். "ஏணி கேட்டா ஏணி குடுத்துடறதா? நாளைக்குப் படகு கேப்பாங்க."

மூன்றாம் நாள், மணி நாலேகால். வெயில். தெருவில் ஒரு காக்கை கூட இல்லை.

கிராதி ஆடியது.

நேரே பார்த்தார், கறை. பாய்மரத்தைப் பார்த்தார், ஓரத்தில் கிராதி, ஒரு மூலை தூக்கி, இறங்கியது. தூக்கி, இறங்கியது. அதன் அடியிலிருந்து பேரி மரத்தூள் மாவு மாதிரி தளத்தில் பரவியது. இத்தனை நாள் உளி எங்கே வேலை செய்தது என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அவர் வெட்டாமல் விட்ட ஓட்டையை அவர்களே கீழிருந்து வெட்டி முடித்திருந்தார்கள்.

"முடியாது" என்றார்.

கையை உள்ளே விட்டார். கயிறுகளுக்கு நடுவே கையை விடுவது அவருக்கு மட்டுமே தெரிந்த வித்தை. விரலை ஒடுக்கி, மணிக்கட்டைத் திருப்பி, ஒவ்வொரு நூலையும் தோலால் கேட்டுக் கேட்டு, உள்ளே போக ஐந்து நிமிடம். வெளியே வர ஐந்து நிமிடம். அவசரப்பட்டால் பாதிப் பாய்மரம் கையோடு வந்துவிடும். ஆள்காட்டி விரலைக் கிராதியின்மேல் வைத்தார். அழுத்தினார்.

கீழிருந்து அழுத்தினார்கள்.

அவர் இன்னும் அழுத்தினார். கிராதி சடக்கென்று ஒரு பக்கம் சரிந்தது. விரல் ஓட்டைக்குள் போனது, முதல் கணு வரை.

உள்ளே ஈரம். குளிர்.

பிறகு ஒரு கை. விரல் தோலைப் பற்றிப் பிடித்தது. கடுகு அளவு உள்ளங்கை, தோல் காய்த்தது. அதற்குமேல் இன்னொரு கை. அதற்குமேல் இன்னொன்று. இழுக்கவில்லை. கடிக்கவில்லை. கயிற்றைப் பிடிப்பதைப் போலப் பிடித்தன. ஒன்றன்மேல் ஒன்றாக.

ஏறினார்கள்.

"ஏங்க" என்று கீழேயிருந்து டீச்சர் கூப்பிட்டாள். "நாலரை ஆகப்போகுது, வரலையா?"

பதில் சொல்ல மூச்சு வேண்டும். மூச்சு விட்டால் கை அசையும். கையை உதறலாம். ஒரு உதறு. எல்லாம் போய்விடும், அவர்கள், கயிறு, பாய்மரம், நாலு வருடம்.

உதறவில்லை.

புறங்கையில் வெறுங்கால்கள். ஈரமானவை. மணிக்கட்டில் நின்று, இளைத்து, மறுபடி நடந்தன. பின்னால் அடுத்தது. அதற்குப் பின்னால் அடுத்தது.

"போங்க" என்றார், உதடு அசையாமல். "எங்க வேணும்னாலும் போங்க. கயிறைத் தொட்டீங்க, பாத்துக்கங்க."

முழங்கை. தோள். சட்டைக் காலர். தார் வாசனை, இப்போது காதுக்குப் பக்கத்தில்.

அவர் சுவரைப் பார்த்தார். சுவரைப் பார்த்தால்தான் ஓரத்தில் தெரியும். தன் கை முழுக்க ஒரே வரிசை, ஓர் அங்குல உயரத்தில், தலை குனிந்து, சுருட்டிய படுக்கையை ஒவ்வொருவனும் தோளில் சுமந்துகொண்டு. ஓட்டையிலிருந்து இன்னும் வந்துகொண்டிருந்தார்கள்.

முதல் ஆள் கன்னத்தில் நின்றான். முன்பல் இல்லை. அவருடைய கீழிமையை இரண்டு கையாலும் பற்றி, மெல்லத் தாழ்த்தி, உள்ளே எட்டிப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு வரிசைப் பக்கம் திரும்பி, இடம் இருக்கிறது என்று தலையசைத்தான்.

பல் டாக்டர் இமைக்கவில்லை. ஒரு நூல்கூட அறுபடவில்லை.