வெற்றிடத்தில் ஒரு மூச்சு

பிஷ்கேக்கில் அன்று பகலிலேயே கரிப்புகை தரைவரை இறங்கியிருந்தது. பெகாயிம் ஆய்வுக்கூடத்தின் நிலவறைக்குள் வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் மின்னணு நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்தாள். கையில், கணவன் உர்மாத்தின் முகமூடியிலிருந்து வெட்டியெடுத்த சிறு துண்டு. சுரங்கம் சரிந்த இடத்தில் அந்த முகமூடிதான் கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. சாயங்காலம் சுரங்க வாயை மூடப்போகிறார்கள்.

வடிகட்டி அவளே செய்தது. தலைமுடியைவிடப் பலநூறு மடங்கு மெல்லிய நார்கள். அவை கிழிந்திருந்தால் சுரங்கத் தூசியில் திணறிச் செத்திருப்பான். கிழியாமல் இருந்தால்?

"ஏதாவது சாப்பிட்டியாடி?" கருவியை இயக்கும் சிர்கா கேட்டாள்.

"அப்புறம், எஜே." சிர்காவை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். "முதல்ல படம்."

துண்டை உள்ளே வைத்துக் காற்றை முழுக்க உறிஞ்சியெடுத்தார்கள். விளக்கு அணைந்தது. பம்பு முனகியது. சூடான எண்ணெய் வாடை. திரையில் நார்கள் மெல்லத் தெளிந்தன. ஒன்றுகூடக் கிழியவில்லை.

பிறகு அவை விரிந்தன.

சுருங்கின.

மறுபடியும் விரிந்தன.

"மின்னணுக் கதிரோட சூடுடி. நார் இளகுது." சொன்ன சிர்காவுக்கே நம்பிக்கையில்லை. கதிரைக் குறைத்தாள். நிற்கவில்லை. பதிவான படங்களை வரிசையாக ஓடவிட்டாள். தூங்குகிறவனின் நெஞ்சு ஏறி இறங்குவது போலவே இருந்தது.

"எஜே," பெகாயிம் கிசுகிசுத்தாள், "உள்ள காத்தே இல்லையே!"

வெளியே ஓடி, மீட்புக்குழுத் தலைவர் குபாத்தைப் போனில் அழைத்தாள்.

"பாய்கே, அண்ணே, மூடாதீங்க! அவர் மூச்சு விடுறார். நான் பாத்தேன்."

"எங்கம்மா பாத்தே?"

"கேக்காதீங்க. இன்னும் ஒரே ஒரு தடவை தோண்டுங்க."

இரக்கத்தில் தோண்டினார்கள். உர்மாத் கிடைத்தான். சுரங்கம் சரிந்த நொடியிலேயே உயிர் போயிருக்கிறது என்றார் மருத்துவர்.

அடக்கம் முடிந்து, துக்க வீட்டுக்குப் போர்சோக் ரொட்டி பொரித்த பெண்களெல்லாம் கிளம்பிப் போனபின் சிர்கா போனில் அழைத்தாள்.

"துண்டை வெளிய எடுத்துட்டேன்டி. உள்ள ஒண்ணுமே இல்ல. ஆனா திரையில..."

"சொல்லுங்க, எஜே."

"மூச்சு வேகமா வாங்குது. யாரோ படியேறி வர்ற மாதிரி."

பெகாயிம் வாசல் கதவைப் பார்த்தாள். மாடிப்படியில் காலடிச் சத்தம் எதுவும் இல்லை.

"நின்னுடுச்சுடி," என்றாள் சிர்கா.

கதவிடுக்கு வழியாக ஈர மண் வாடை உள்ளே வந்தது.