நாற்பதுன்னு சொல்லு

செவ்வாய்க் கிரகத்தில் பொழுது விடிந்ததும் ஜெபராணியின் வீட்டுக் காற்றுப்பெட்டி, அண்டை வீட்டுப் பெட்டிகள் எட்டையும் வழக்கம்போல் நலம் விசாரித்தது. ‘உன்னிடம் காற்று எவ்வளவு இருக்கிறது?’ எட்டும் தங்கள் அளவைச் சொல்லிவிட்டு அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டன. பாறைக்குள் குடைந்த அந்த ஊரின் நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளிலும் நிமிடத்துக்கு ஒருமுறை இது நடக்கும். நடக்காமல் போனால் யாரும் மூச்சுவிட முடியாது.

ஊருக்கு மையம் என்று எதுவும் கிடையாது. முதல் குடியேற்றத்தில் ஒரே பெரிய இயந்திரம் எல்லோருக்கும் காற்றுப் பங்கிட்டது. அது ஒருநாள் நின்றபோது ஊரே நின்றுபோனது. அதற்குப் பிறகு வந்ததுதான் அக்கம்பக்க வலை. ஒவ்வொரு பெட்டியும் அதில் ஒரு கணு. பனிச்சுரங்கத்திலிருந்து வரும் காற்று, எந்த வீட்டில் அளவு குறைவோ அந்த வீட்டுக்கு முதலில் போகும். பொய் சொல்லும் பெட்டியைக் கண்டுபிடிக்கவும் வழி வைத்திருந்தார்கள். அடுத்தடுத்த வீடுகளில் அளவு ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ஒரு பெட்டி மட்டும் மற்ற எட்டுக்கும் ஒவ்வாத கணக்கைக் கொஞ்ச நேரம் தொடர்ந்து சொன்னால் அது பகைக்கணு. எட்டும் சேர்ந்து தங்கள் வால்வுகளை மூடி அதை ஒதுக்கிவிடும். கையால் திறக்கிற வால்வு ஒன்றுகூட வைக்கவில்லை. மனிதக் கை பொய்க்குத் துணைபோகும் என்று வலையைக் கட்டியவர்கள் பயந்தார்கள்.

இந்த வலை எத்தனை பொய்யர்களைத் தாங்கும் என்று ஆண்டுக்கொருமுறை சோதிக்க வேண்டும். இந்த ஆண்டு அந்த வேலை ஜெபராணிக்கு. பூமியில் சாத்தான்குளத்திலிருந்து வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. கணவன் லூர்து சுரங்கத்தில் வழுக்கி விழுந்து, காலில் கட்டோடு வீட்டில் படுத்திருந்தான். அதை அவள் சாத்தான்குளத்துக்கு இன்னும் சொல்லவில்லை. தினமும் வேலைக்குப் போகிற வழியில் கைக்கருவியிடம் பேசுவாள், அது எழுத்தாக்கி அம்மாவுக்கு அனுப்பும். அன்றும், “நல்லா இருக்கோம்மா, சாப்பிட்டோம்” என்றுதான் அனுப்பினாள்.

சோதனை மேசையில் உட்கார்ந்ததும் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. பொய்யை அளக்க, நூற்றுக்கு நூறு உண்மை சொல்லும் கணு ஒன்றாவது வேண்டும். யாருக்கும் தொந்தரவு இல்லாமல் தன் வீட்டுப் பெட்டியையே தேர்ந்தெடுத்து, அதன் அமைப்புகளையெல்லாம் அழித்து, செய்து முடித்த அன்று இருந்த நிலைக்குத் திருப்பினாள். இவ்வளவு நாளும் நூற்றுக்கு நாற்பது என்று காட்டிய பெட்டி எழுபத்தொன்று என்றது. பழைய பெட்டி, காற்றை அளக்கும் அளவி தேய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு பொய்யர்களை இறக்கினாள். வீடும் காற்றும் இல்லாத, கணினி நிரலில் மட்டும் உள்ள போலிக் கணுக்கள் அவை. தங்களிடம் குறைவாக இருப்பதாக நடித்துக் காற்றைப் பறிக்கப் பார்க்கும். முதலில் நாற்பது பேர். வலை ஒருவரையும் பிடிக்கவில்லை. எண்பது ஆக்கினாள். அசையவில்லை. நூற்று நாற்பதில், அதாவது வீடுகளின் எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கில், வலை சிதற வேண்டும் என்பது பாடம். சிதறவில்லை. கல்யாண வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்களைப்போல் பொய்யர்களை வலை உள்ளே உட்காரவைத்துவிட்டது.

அப்போது திரையில் ஒரே ஒரு புள்ளி சிவந்தது. பகைக்கணு கண்டறியப்பட்டது, ஒதுக்கப்பட்டது. வீட்டு எண் இருநூற்றுப் பதினேழு.

அவள் வீடு.

அதே நேரம் லூர்து கூப்பிட்டான். பதற்றமே இல்லாத குரல். “ராணி, ஃபேன் சத்தம் நின்னுபோச்சு. கட்டையை ஊனிக்கிட்டு வாசல் வரைக்கும் போனேன், கதவும் திறக்க மாட்டேங்குது. கரண்ட் போயிருக்கோ?”

ஒதுக்கப்பட்ட வீட்டின் கதவு இறுகிக்கொள்ளும், பெட்டியும் காற்று விடுவதை நிறுத்திவிடும். அந்தப் புறாக்கூண்டு அறையில் இருக்கும் காற்று ஓர் ஆளுக்கு முக்கால் மணி நேரம் வரும். பேசாமல் படுத்திருக்கச் சொல்லிவிட்டுப் போலிக் கணுக்களை ஒன்றுவிடாமல் பிடுங்கி எறிந்தாள். இனி வலையில் சோதனைப் பொய்யர் ஒருவரும் இல்லை. ஆனாலும் எட்டு வால்வுகளும் திறக்கவில்லை. இருபது நிமிடம் போயிருந்தது.

பக்கத்து வீட்டுக் கோமதியக்காவைக் கூப்பிட்டாள். லூர்து விழுந்த நாளிலிருந்து இரண்டு வேளையும் கஞ்சி கொண்டுவந்து கொடுக்கிறவள். அவள் பெட்டியும் அந்த எட்டில் ஒன்று. அழுகையும் பேச்சுமாக ஜெபராணி சொன்னதைக் கேட்டுவிட்டு அக்கா ஒரே கேள்விதான் கேட்டாள்.

“பெட்டிய என்னட்டி செஞ்ச?”

“உண்மையைச் சொல்ல வச்சேன்க்கா. எழுபத்தொண்ணு.”

“எழுபத்தொண்ணா? கிறுக்கச்சி, எழுபதுன்னு யாராவது வாய்விட்டுச் சொல்லுவாளா? அளவியில திருத்தம்னு ஒரு இடம் இருக்கும் பாரு, அதுல நாற்பதுன்னு போடு. சீக்கிரம்.”

தேய்ந்த அளவிகளைச் சரிசெய்ய வைத்த இடம் அது. ஜெபராணி நாற்பது என்று போட்டாள். அடுத்த விசாரிப்பில் எட்டுப் பெட்டிகளும், நேற்று வந்த மருமகளை மன்னிப்பதுபோல், வால்வுகளைத் திறந்துவிட்டன. சிவப்புப் புள்ளி பச்சையானது. கொஞ்சம் வேர்த்தது, இப்போது சரியாகிவிட்டது என்று லூர்து சொன்னான்.

கோமதியக்கா இன்னும் தொடர்பில் இருந்தாள். “நம்ம ஊர்ல தண்ணிக் குழாயில மோட்டார் வச்சு உறிஞ்ச மாட்டாவளா? ஒருத்தி வச்சா தெருவே வைக்கணும், இல்லேன்னா குடம் நிறையாது. இங்க எல்லார் வீடும் நாற்பதுதான்ட்டி. உன் வீட்டுல முன்னாடி இருந்தவுகளே போட்டு வச்சிட்டுத்தான் போனாவ. நீ சோதிக்கிற புள்ளையாச்சேன்னு நாங்க யாரும் உங்கிட்ட சொல்லல.”

ஜெபராணி மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். நானூற்றுப் பதினொரு வீடுகள். கஞ்சி கொடுக்கிற வீடு, ஜெபம் பண்ணுகிற வீடு, பள்ளிக்கூட வாத்தியார் வீடு.

சோதனைப் பிரிவின் தலைவர் சற்குணத்திடம் ஓடினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார். தன் வீட்டில் முப்பத்தெட்டு என்றும், மாமியார் வந்து தங்கியிருப்பதால் அப்படி என்றும் மெல்லிய குரலில் சொன்னார். அறிக்கைப் படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

“இருக்கிறதை எழுதும்மா. வலை நல்லாத்தானே வேலை செஞ்சிருக்கு?”

அவள் எழுதினாள். வலை தாங்கிய பொய்க் கணுக்கள்: எல்லாம். வலையின் உறுதி: குறையில்லை. கண்டறிந்து ஒதுக்கப்பட்ட பகைக்கணு: ஒன்று.

வீட்டுக்குப் போகும் வழியில் கைக்கருவியை வாயருகே வைத்தாள். இன்றைக்காவது எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்றிருந்தது. லூர்துக்குக் கால் முறிந்தது, காற்று நின்றது, ஊரே பொய் சொல்வது, எல்லாவற்றையும் சொன்னாள். கருவி ஒரு சொல் விடாமல் எழுதியது. படித்துப் பார்த்தாள். இதைப் படித்தால் அம்மா எப்படித் தூங்குவாள் என்று நினைத்தாள். மொத்தத்தையும் அழித்துவிட்டு மறுபடியும் பேசினாள்.

“நாங்க நல்லா இருக்கோம்மா. நீங்க?”

செய்தி பூமிக்குப் போகப் பன்னிரண்டு நிமிடம், பதில் திரும்பிவரப் பன்னிரண்டு நிமிடம். லூர்துக்குக் கஞ்சியைச் சூடாக்கிக்கொண்டிருந்தபோது பதில் வந்தது. அம்மாவும் பேசித்தான் அனுப்புவாள். அவளுடைய கருவியும் காதில் விழுந்ததையெல்லாம் எழுதிவிடும், யார் குரல் என்று பிரிக்கத் தெரியாது.

‘நாங்களும் நல்லா இருக்கோம்டி அப்பா கடைக்குப் போயிருக்காவ டோக்கன் முப்பத்தாறு ஞானமுத்து பேஷண்ட்கூட வந்தவங்க உள்ள வாங்க’

ஞானமுத்து அவளுடைய அப்பா.

ஜெபராணி அந்த வரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். சுவரில் காற்றுப்பெட்டி எட்டு வீட்டையும் நலம் விசாரித்தது. எட்டும் நாற்பது என்றன. அதுவும் நாற்பது என்றது.

“சரிம்மா” என்று கருவியிடம் சொன்னாள். “சந்தோஷம்.”